பட்டறை பதில்கள்: கேம் பெட்டியின் தலையில் கடை போர்டு

கேள்வி: அக்கா, பழைய 19 அங்குல மொனிட்டரையும் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியையும் வைத்து, நின்று விளையாடும் ஆர்கேட் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்திருக்கிறேன். உள்ளே பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள் ஓடுகிறது. பெட்டியின் உச்சியில் கேமின் பெயர் ஒளிரும் இடம், அதுதான் மார்க்கீ, இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. மாமா தன்னுடைய கொமியூனிகேஷன் கடையை மூடியபோது, வாசலில் தொங்கிய இரண்டு சிவப்பு எல்இடி போர்டுகளைக் கன்ட்ரோல் கார்டோடு கழற்றித் தந்தார். பின்னால் பி10 என்று போட்டிருக்கிறது. இதை மார்க்கீயாக வைக்கலாமா? கேமை மாற்றினால் போர்டில் இருப்பதும் மாறுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தாராளமாக வைக்கலாம், தம்பி. மாமா தந்தது நல்ல சாமான். பி10 போர்டு ஒன்று 320 மில்லிமீட்டர் அகலம், 160 மில்லிமீட்டர் உயரம். 10 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று குறுக்கே 32, நெடுக்கே 16. இரண்டையும் ஒட்டி வைத்தால் 64 சென்டிமீட்டர் நீளத்தில் 64க்கு 16 புள்ளி கிடைக்கும். முழு அளவு ஆர்கேட் பெட்டியின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்கள் பெட்டி அதைவிட ஒடுக்கமாக இருந்தால் தலைப்பகுதியை மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக் கட்டுங்கள், பார்க்க நன்றாகவே இருக்கும்.

போர்டைத் திருகுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசித்துக்கொள்ளுங்கள்: மார்க்கீயை யார் பார்க்கிறார்கள்? விளையாடுகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை, அவர் கண் திரையில் இருக்கும். அது அறையின் அந்தப் பக்கம் நிற்கிறவருக்கானது. அந்தக் காலத்து ஆர்கேட் பெட்டிகளில் ஒளி ஊடுருவும் தகட்டில் படத்தை அச்சடித்து, பின்னால் ஒரு சின்ன டியூப் லைட்டைப் போட்டிருப்பார்கள். இருட்டான மண்டபத்தில் இருபது பெட்டி வரிசையாக நிற்கும்போது, எது எந்தக் கேம் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக. ஏப்ரல் சீசனில் நுவரெலியா கார்னிவலுக்கு அப்பா கூட்டிப் போன காலத்தில் நானும் அப்படித்தான், கூட்டத்துக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வேன்.

எல்இடி போர்டுகளுக்குப் பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். புள்ளிக்குப் புள்ளி எத்தனை மில்லிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் கூடி வரும். பி10-க்கு 10 மீட்டர். லயக் காம்பராவில் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இடம், ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டு ஹோலும் அதைவிடப் பெரிதாக இருக்காது. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். ஆகவே இணையத்தில் கிடைக்கும் மார்க்கீ படங்களைச் சுருக்கி இதில் போடாதீர்கள், வெறும் சிவப்புக் குழப்பமாகத்தான் தெரியும். ஆனால் பழைய கேம்களில் வரும் உருவங்களே புள்ளி புள்ளியாக வரைந்தவைதானே. அந்த உருவங்களை இந்தப் போர்டில் அப்படியே வைக்கலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எனக்கே மிகவும் பிடித்தது. 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மூன்று வகை வேற்றுக்கிரக ஜந்துகள் வரும். மூன்றுக்கும் உயரம் 8 புள்ளி. அகலம் முறையே 8, 11, 12. ஒவ்வொன்றையும் இரண்டு மடங்காக்குங்கள். உயரம் 16, உங்கள் போர்டின் முழு உயரம். அகலம் 16, 22, 24. கூட்டினால் 62, நடுவே இரண்டு இடைவெளிக்கு ஒவ்வொரு புள்ளி விட்டால் சரியாக 64. மூன்று ஜந்தும் அளவெடுத்தது போல உட்காரும்! கடைசி ஜந்து 24 சென்டிமீட்டர் அகலத்தில் நிற்கும். ஒரே நிறம் என்று கவலைப்படவும் வேண்டாம். அந்தக் கேமின் அசல் திரையே கறுப்பு வெள்ளைதான், கண்ணாடியின் மேல் வண்ணத்தாள் ஒட்டித்தான் நிறம் காட்டினார்கள்.

1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேனுக்குச் சிவப்புப் போர்டில் மஞ்சள் பேக்மேனை வரைந்து என்ன பயன்? அதில் வரும் நான்கு பேய்களில் பிளிங்கி என்பது சிவப்பு. அதை வரையுங்கள், பார்த்தவுடன் தெரியும். 1981இல் வந்த டொங்கி கொங்குக்குச் சாய்ந்த இரும்புச் சட்டங்களும் ஏணியும் போதும். பெயரை எழுத வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எழுத்தை ஓடவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மாமா கடையில் அது தேவைப்பட்டது: ரோட்டில் போகிறவர் ரீலோட், போட்டோ கொப்பி, லெமினேட்டிங் எல்லாவற்றையும் நடந்தபடியே வாசிக்க வேண்டும். வீட்டில், விளையாடுகிறவரின் கண்ணுக்கு மேலே ஓயாமல் எழுத்து ஓடினால் ஆட்டம்தான் கெடும். கேம் மாறும்போது படம் மாறட்டும், மற்ற நேரம் அசையாமல் நிற்கட்டும்.

இனி மாறுவது எப்படி என்று பார்ப்போம். மாமாவின் கன்ட்ரோல் கார்டில் கைபேசியிலிருந்து எழுத்தை ஏற்றலாம், ஆனால் எந்தக் கேம் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன சர்க்யூட் ஒன்றை வாங்குங்கள். ஒற்றை நிற பி10-க்கு ஊனோ நல்ல பொருத்தம், இரண்டுமே 5 வோல்ட் சிக்னலில் வேலை செய்பவை. ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட், நேரே கொடுத்தால் சில போர்டுகள் ஏற்கும், சில தடுமாறும். டிஎம்டி என்ற இலவச லைப்ரரி, அதாவது ஆயத்த புரோகிராம் தொகுப்பு, இந்தப் போர்டுகளுக்காகவே எழுதப்பட்டது. அதற்குரிய பின்கள் (போர்டில் உள்ள பெயர், பிறகு ஊனோவின் பின் எண்): ஓஈ 9, ஏ 6, பி 7, கிளாக் 13, லாட்ச் 8, டேட்டா 11. கூடவே ஒரு கிரவுண்ட் வயர். போர்டின் பின்னால் இரண்டு சொக்கெட் இருக்கும். அம்புக்குறி எந்தச் சொக்கெட்டிலிருந்து புறப்படுகிறதோ அதுதான் உள்ளே வரும் வழி, முதல் போர்டில் வெளியே போவதை இரண்டாவது போர்டின் உள்ளே கொடுங்கள்.

ஊனோவை யுஎஸ்பி கேபிளால் பையோடு இணையுங்கள். ரெட்ரோபையில் ஒவ்வொரு கேமும் தொடங்கும்போது தானாக ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைக்க இடம் இருக்கிறது, ரன்கமாண்ட் ஆன்ஸ்டார்ட் என்ற பெயரில். முடியும்போது ஓடுவது ரன்கமாண்ட் ஆன்எண்ட். தொடங்கும் ஸ்கிரிப்டுக்கு எந்த மெஷின், அந்த மெஷினைப் போல நடிக்கும் புரோகிராம் (எமுலேட்டர்) எது, கேம் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ரெட்ரோபையே கொடுத்துவிடும். ஃபைல் பெயரை எடுத்து, அதே பெயரில் நீங்கள் வரைந்து வைத்த படத்தை ஊனோவுக்கு அனுப்புங்கள். 64க்கு 16, ஒரே நிறம் என்றால் படம் ஒன்றுக்கு 128 பைட்தான். விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. பை அந்த யுஎஸ்பி வழியைத் திறந்தவுடன் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். விழித்து எழ ஓரிரு விநாடி ஆகும், அதற்குள் போன படம் தொலைந்துவிடும். வயரிங்கில்தான் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார்கள். ஊனோவின் ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் ரீசெட் நின்றுவிடும். புரோகிராமை ஊனோவில் ஏற்றி முடித்த பிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் புரோகிராம் ஏறாது.

கரண்டை மட்டும் பையிலிருந்தோ ஊனோவிலிருந்தோ எடுக்கவே எடுக்காதீர்கள். தனியாக 5 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று, இரண்டு போர்டுக்கும் தாராளமாகப் போதும். தடித்த வயரால் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியே இழுங்கள். பவர் சப்ளையின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் நினைத்தபடி மினுக்கும்.

கேள்வி: என் மகன் இப்படி ஒரு போர்டை கேம் பெட்டியில் மாட்டியிருக்கிறான். அறையே சிவந்து போகிறது. சின்னவளுக்கு ஆறு வயது, பக்கத்திலேயே நிற்கிறாள். கைபேசியில் வீடியோ எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது. இதனால் ஆபத்து ஏதும் உண்டா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அம்மா. அது நண்பகல் வெயிலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று செய்யப்பட்ட போர்டு. அறைக்குள் அந்த வெளிச்சம் தேவையே இல்லை. மகனிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். டிஎம்டியின் புதிய பதிப்பான டிஎம்டி2 லைப்ரரியில் வெளிச்சத்தைக் குறைக்கும் கட்டளை உண்டு, இரவில் கண் கூசாத அளவுக்கு இறக்கட்டும். பிறகு போர்டுக்கு முன்னால் 3 மில்லிமீட்டர் புகை நிற அக்ரிலிக் தகடு ஒன்றைப் போடட்டும். வெளிச்சம் அடங்கும், அணைந்த புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் கறுப்பாகிவிடும், சின்னவளின் விரலும் போர்டில் படாது. என்னைக் கேட்டால், கடைப் போர்டை வீட்டுக்குள் வைக்கிற எவரும் இந்தத் தகடு இல்லாமல் வைக்கக்கூடாது.

கோடு ஓடுவதற்குக் காரணம் இது: பி10 போர்டில் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. நான்கில் ஒரு பங்கு வரிசைகள் எரியும், அணையும், அடுத்த பங்கு எரியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது, கேமராவுக்கு அகப்பட்டுவிடுகிறது. பழைய டிஎம்டி லைப்ரரியின் மாதிரி புரோகிராமில் இந்த மாற்றம் 5000 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை நடக்கும். நான்கு முறைக்கு 20 மில்லி விநாடி, அதாவது விநாடிக்கு 50 தடவை. கடைக்கண்ணால் பார்த்தால் துடிப்பு தெரியும் வேகம் இது, சிலருக்குத் தலைவலியும் வரும். அந்த 5000-ஐ 2000 ஆக்கினால் விநாடிக்கு 125 தடவை ஆகிவிடும். அப்புறம் கண் உறுத்தாது. குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டு என்றால், மினுக்கி மினுக்கி மாறும் படங்களை அந்தப் போர்டில் போடவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆபத்து வெளிச்சத்தைவிடப் பின்னால் இருக்கும் பவர் சப்ளையில் அதிகம். துளைகள் போட்ட தகரப் பெட்டி, ஓரத்தில் வரிசையாகத் திருகுகள் திறந்தபடி இருக்கும். அதில் இரண்டு திருகில் 230 வோல்ட் நிற்கிறது. ஆறு வயதுக் கை நுழையும் இடத்தில் அது இருக்கக்கூடாது. பெட்டியின் பின்பக்கத்தைத் திருகு போட்டு மூடச் சொல்லுங்கள். எர்த் வயரைப் பவர் சப்ளையின் எர்த் திருகில் கட்டாயம் கொடுக்க வேண்டும். லயங்களில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வயரை மட்டும் இழுத்துக் கரண்ட் எடுத்திருப்பார்கள். எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத அந்த மாதிரி இணைப்பில் இதை மாட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி கேட்கத் தொடங்கினால், கேம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய போர்டு எதுவும் என்னிடம் இல்லை. புதிதாகக் கலர் போர்டு வாங்க நினைக்கிறேன். பி5, பி4, பி3, பி2.5 என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எதை எடுப்பது? கேம் ஓடும் பையிலேயே போர்டையும் ஓட்டலாமா?
– வாசகர், கண்டி

பதில்: நீங்கள் சொன்னவற்றில் வழக்கமாகக் கிடைப்பவை எல்லாம் 64க்கு 32 புள்ளிதான், மாறுவது உடம்பின் அளவு. பி5 320க்கு 160 மில்லிமீட்டர், பி4 256க்கு 128, பி3 192க்கு 96, பி2.5 160க்கு 80. இரண்டு போர்டு சேர்த்தால் 128க்கு 32. ஆகவே உங்கள் பெட்டியின் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். முழு அளவு பெட்டிக்கு இரண்டு பி5, ஒடுக்கமான பெட்டிக்கு இரண்டு பி4, மேசையில் வைக்கும் குட்டிப் பெட்டிக்கு இரண்டு பி3 அல்லது பி2.5. கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடும்போது ஹப்75 என்ற வகைச் சொக்கெட் உள்ள போர்டா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே நேரத்தில் எடுங்கள். வேறு வேறு சமயத்தில் வாங்கினால் ஒன்றின் வெள்ளை நீலம் பாய்ந்தும் மற்றதன் வெள்ளை மங்கலாகவும் இருக்கும், அருகருகே வைத்தால் நன்றாகத் தெரிந்துவிடும்.

ஒரே பையில் இரண்டையும் ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. பையில் இந்தப் போர்டுகளை ஓட்டப் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி, நேரம் தப்பாமல் சிக்னல் கொடுக்க, பையின் சொந்த ஒலிப் பகுதி பயன்படுத்தும் அதே வன்பொருளைக் கேட்கிறது. அதனால் சவுண்டை அணைக்கச் சொல்லும். யுஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் கேமுக்கு வேண்டிய வேகத்தில் ஒரு பங்கைப் போர்டு எடுத்துக்கொள்ளும். ஊனோவைப் போன்ற, வைஃபையும் உள்ள ஈஎஸ்பி32 ஒன்றைப் போர்டுக்கென்று தனியாக விடுங்கள். பை அதற்கு வைஃபை வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ படத்தை அனுப்பட்டும். 64க்கு 32 கலர் போர்டு முழு வெள்ளையில் 4 ஆம்பியர் வரை இழுக்கும், ஆகவே இங்கேயும் 5 வோல்ட் 10 ஆம்பியர்தான்.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த அறையில் வைத்திருந்த பி10 போர்டு இப்போது சரியாக எரியவில்லை. ஒரு சின்ன நீள்சதுரம் மட்டும் இருண்டிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: போடாதீர்கள், ஐயா. இந்தப் போர்டைப் போலப் பழுது பார்க்க வசதியான சாமான் குறைவு. அப்பாவின் ரேடியோ மேசையில் நான் பழகியதெல்லாம் இதற்கு அப்படியே செல்லும்.

இருண்ட இடத்தின் வடிவத்தைப் பாருங்கள். 8 புள்ளி அகலம், 4 புள்ளி உயரம் என்றால் 74எச்சி595 என்ற ஐசி ஒன்று செயலிழந்திருக்கிறது. போர்டில் அப்படி 16 ஐசி உண்டு, ஒவ்வொன்றும் 32 புள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறது. நான்கு வரிசைக்கு ஒரு வரிசை வீதம் இருண்டிருந்தால் வரிசைக்குக் கரண்ட் கொடுக்கும் 4953 என்ற ஐசியையோ அதை இயக்கும் 74எச்சி138-ஐயோ பாருங்கள். ஒரு இடத்துக்கு அப்பால் எல்லாமே கன்னாபின்னாவென்று எரிந்தால் டேட்டா அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. ஆனால் எதையும் சூடாக்கிக் கழற்றுவதற்கு முன்னால் ரிப்பன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து மேசைக்கு வரும் போர்டுகளில் கேபிள் பின் பச்சை பூத்தவைதான் அதிகம்.

பின்பக்கத்தில் ஐசியின் கால்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். தேய்த்து, ஒரு பகல் முழுக்க உலர விட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள். வெளிப்போர்டு என்றாலும் முன்பக்கத்துக்குத்தான் மழைக் காப்பு, பின்பக்கம் திறந்தேதான் இருக்கும். கடையில் அதைத் தகரப் பெட்டி காப்பாற்றியது. உங்கள் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது, குளிர்ந்த போர்டில் அடுப்படி ஆவியும் படிந்தால் நீர்த்துளி நிற்கும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், தலைப்பகுதியில் மேலும் கீழும் காற்றுப்போக்குக்குத் துளை விடுங்கள். வாரத்தில் சில மணி நேரம் மங்கலான வெளிச்சத்தில் எரியவிட்டாலே அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும். எம்டிஎஃப் பலகையில் தலைப்பகுதி செய்திருந்தால் அது ஊதிப் போர்டின் திருகைப் பிடுங்கிவிடும், அந்த ஒரு பகுதியை மட்டுமாவது பிளைவுட்டிலோ சவுக்கு மரத்திலோ செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: போர்டில் தமிழில் பெயர் வர வைக்க முடியுமா? ஆர்டுயினோவில் தட்டினால் குப்பையாக வருகிறது.
– வாசகி, பதுளை

பதில்: முடியும், தங்கச்சி, எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பினால். அந்த லைப்ரரிகளில் இருப்பது ஆங்கில எழுத்துரு. தமிழ் எழுத்துருவை ஏற்றினாலும் கொம்பு தகராறு செய்யும். 'கெ' என்று தட்டும்போது கணினி 'க'வை முதலில், கொம்பைப் பிறகு சேமிக்கிறது. திரையில் காட்டும்போது இடம் மாற்ற வேண்டும், அந்த வேலையைச் செய்யும் ஏற்பாடு ஊனோவில் இல்லை. கணினியில் கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளைத் திறந்து, 64க்கு 16 அளவில் கறுப்புத் தாளில், ஓர மழுப்பலை அணைத்துவிட்டு எழுதி, பிறகு புள்ளிகளைக் கையால் திருத்துங்கள். 16 வரிசையில் மேலே மெய்யெழுத்தின் புள்ளிக்கும் 'கி'யின் வளைவுக்கும் இரண்டு மூன்று, கீழே 'கு', 'ழு' போன்றவற்றுக்கு மூன்று ஒதுக்கினால் எழுத்தின் உடம்புக்குப் பத்து வரிசைதான் மிஞ்சும். அதில் 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், ஒரு சுழிக்கும் அடுத்ததற்கும் நடுவே கட்டாயம் ஒரு புள்ளியை அணைத்து வையுங்கள். இரண்டு பி10-இல் நாலைந்து எழுத்து தெளிவாக நிற்கும். நீளமான பெயரென்றால் இரண்டு படமாக வரைந்து மாற்றி மாற்றிக் காட்டுங்கள், ஒவ்வொன்றும் மூன்று விநாடியாவது நிற்கட்டும். வீட்டில் வயதானவர்களுக்கு வாசிக்க அவ்வளவு நேரம் தேவைப்படும்.